பெயர் மாற்றி வந்த ரத்தம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு ஊசி குத்தத் தெரிந்தால் மட்டும் போதாது, குத்திய பிறகு வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரிய வேண்டும். முதலாவதைச் சில மாதங்களில் கற்றுக்கொண்டேன். இரண்டாவதை இருபது வருஷமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்துவிடுகிற தூரத்தில் எங்கள் லேப். எதிரே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரம்மா சீட்டு எழுதுவார், இங்கே நாங்கள் ரத்தம் எடுப்போம், ரிப்போர்ட்டை மறுபடி அங்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அர்த்தம் சொல்வது அவர் வேலை. இது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் எல்லாரும் ரோட்டைத் தாண்டுவதற்குள் அர்த்தம் தெரிந்தாக வேண்டும் என்பார்கள். மருந்துக்கடையிலும் பேங்கிலும் ரேஷன் கடையிலும் கவுண்டருக்கு உள்பக்கம் நின்று காலம் தள்ளுகிற என் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

இது முழுக்க பீட்டா எச்சிஜி என்கிற ஒரே டெஸ்டின் கதை. கரு தங்கியதும் உடம்பில் சுரக்கிற ஹார்மோன் அது. மருந்துக்கடையில் விற்கிற சிறுநீர் டெஸ்ட் அட்டை ‘உண்டு’, ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும். ரத்தத்தில் பார்த்தால் எவ்வளவு என்று எண்ணாகவே தெரியும். கரு கர்ப்பப்பையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அந்த எண் இரண்டு நாளில் நன்றாக ஏறும். வருகிற வழியில் கருக்குழாயிலேயே தங்கிவிட்டால் பெரும்பாலும் மந்தமாக ஏறும், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். குழாயில் பிள்ளை வளர இடம் கிடையாது. கவனிக்காமல் விட்டால் குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், தாயின் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒரு தடவை எடுத்துப் பிரயோஜனமில்லை. நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு, ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் ஒரு முடிவுக்கு வருவார். ஒரு பஸ்ஸை ஒரு தடவை பார்த்தால் அது ஓடுகிறதா, பிரேக்டவுனா என்று எப்படித் தெரியும்? இரண்டாவது தடவை பார்த்தால்தான் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். சில பெயர்களை அவர்களே மாற்றிக்கொண்டு வந்துவிட்டதால் எனக்கு வேலை மிச்சம்.

எத்தனைக்கு எத்தனை?

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். கடலைக் காடு வைத்திருப்பவர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ரத்தம் கொடுத்தது மருமகள், ரிசல்ட் வாங்க வந்தது மாமனார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எண்ணூறு என்று போட்டிருக்கிறதே, எத்தனைக்கு என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "ஆயிரத்துக்கா, ரெண்டாயிரத்துக்கா?" என்று விளக்கினார்.

இது பரீட்சை இல்லை ஐயா, பாஸ் மார்க்கும் இல்லை, ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு எண், நாளைக்கு நாள் மாறும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பிறகு தாளை மடித்து என்னிடமே நீட்டினார்.

"எங்க பங்காளி மருமகளுக்கு நாலாயிரமாம். மெஷின நல்லாத் தொடச்சுட்டு இன்னொரு தடவ போடுங்க, எங்க புள்ள ஒண்ணும் அதுக்குக் கொறஞ்சவ இல்ல."

போர்டுக்குக் கீழே

ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று எங்கள் சுவரில் பெரிய எழுத்தில் போர்டு இருக்கிறது. அதற்கு நேர் கீழே உள்ள பெஞ்சுக்குத்தான் எப்போதும் கிராக்கி. ஃபேன் அங்கேதான் இருக்கிறது.

ஒருநாள் அந்த பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்து, மகளுக்கு வந்த எண்ணின் கடைசி இலக்கம் என்ன என்று ரகசியமாகக் கேட்டார். எதற்கு என்றேன். சும்மாதான் என்றார். சும்மா எதற்கு கடைசி இலக்கம் வேண்டும் என்று நான் விடவில்லை. அந்த எண் நாளைக்கே மாறிவிடும், அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லி, விரலை நீட்டிப் போர்டைக் காட்டினேன். அவர் அண்ணாந்து எழுத்துக்கூட்டிக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"ஆம்பளையா பொம்பளையான்னு நாங்க கேக்கவே இல்லியே. ஒத்தப்படையா ரெட்டப்படையான்னுதானே கேட்டோம்?"

தியாகி

ஜெகதாப்பட்டினத்திலிருந்து இளம் ஜோடி ஒன்று வந்தது. அவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டிவிட்டாள். நான் ஊசியை எடுத்ததும் வியர்த்தது அவருக்குத்தான். "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க" என்று என் கையைப் பிடிக்காத குறை.

போன வருஷம் எல்லை தாண்டினதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்ப் பல வாரம் அடைத்து வைத்திருந்தார்களாம். அதற்கெல்லாம் கலங்காத மனுஷன் என்று அந்தப் பெண்ணே பெருமையாகச் சொன்னாள். அப்படிப்பட்டவர் ஐந்து மில்லி ரத்தத்துக்குக் கண்கலங்கி நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ்தாங்க. அவளுக்குப் பதிலா எங்கிட்ட எடுத்துக்கங்க, எல்லாம் ஒரே ரத்தந்தானே."

தாலுகா ஆபீஸ்

இனி வருவது ஒரே குடும்பத்தின் கதை. கீரனூர்ப் பக்கத்துக் கிராமம். சுகன்யாவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், இப்போதுதான் முதல் தடவையாக நாள் தள்ளியிருந்தது. லேசாக ரத்தம் பட்டிருக்கிறது, இடது அடிவயிற்றில் விட்டு விட்டு வலி. எதிர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேன் பார்த்ததில் கர்ப்பப்பைக்குள் இன்னும் எதுவும் தெரியவில்லை. ரொம்பச் சின்னக் கருவாக இருக்கலாம், இடம் மாறியும் இருக்கலாம். அதனால் இன்றைக்கு ஒரு பீட்டா, நாளன்றைக்கு ஒரு பீட்டா என்று எழுதி அனுப்பியிருந்தார். கூட வந்தவர் மாமியார் மாரிக்கண்ணு.

அன்றைக்கு எங்கள் கவுண்டர் கௌரி யார் வீட்டுக் காதுகுத்துக்கோ போயிருந்தாள். பெயர் எழுதியது, ரத்தம் எடுத்தது, மெஷினில் போட்டது, ரிப்போர்ட் கொடுத்தது எல்லாம் நான்தான். டோக்கன் நம்பர் காட்டுகிற மெஷினை முதலாளி வாங்கி மாட்டிய வாரமே அது கண்ணை மூடிவிட்டது. அதனால் தொண்டைத் தண்ணீர் வற்றக் கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். "சுகன்யா!" என்று நான் கூப்பிட்டதும் மாரிக்கண்ணு ஓடி வந்து, "ஏந்தாயி, மைக் வச்ச மாதிரி கத்துறீங்க? ஊரே பாக்குது" என்று கடிந்துகொண்டார். ஹாலில் அப்போது இருந்தது மொத்தமே ஒரு சர்க்கரை நோயாளி, அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

எண் எண்ணூற்றுச் சொச்சம். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நாளன்றைக்கு மறுபடி எடுத்து இரண்டையும் டாக்டரம்மாவிடம் காட்டுங்கள், வலி அதிகமானால் உடனே வாங்க என்றேன். சுகன்யா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மாரிக்கண்ணு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புள்ள உண்டாயிருக்கான்னு கேட்டா, ஆமாம் இல்லன்னு சொல்லாம நாளான்னைக்கு வா, நாளான்னைக்கு வாங்கிறீங்களே, இதென்ன தாலுகா ஆபீஸா?"

மூணு மாச ரகசியம்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, மற்ற பக்கங்களிலும் இருக்கும். பிள்ளை உண்டானால் மூன்று மாதம் முடிகிறவரை வெளியே மூச்சுவிடக் கூடாது. கண்பட்டுவிடும். வீட்டில் அப்படித்தான் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்த ரகசியக் காப்பு எங்கள் கவுண்டர் வரைக்கும் வந்துவிடுகிறது. சொந்த ஊரைக் கேட்டால் பக்கத்து ஊர், சொந்தப் பெயரைக் கேட்டால் வாயில் வந்த சாமி பெயர். ஒரு புதுப்பெண் யோசிக்க நேரமில்லாமல் தன் நாத்தனார் பெயரையே கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணமாகாத நாத்தனார். அடுத்த வாரம் அதே நாத்தனார் சளிக்கு டெஸ்ட் எடுக்க வந்தபோது, பழைய பெயரை ஞாபகம் வைத்திருந்த கௌரி, "உடம்ப பாத்துக்கம்மா, வெயிட் தூக்காத" என்று அன்பாகச் சொல்லித் தொலைத்தாள். அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று விசாரிக்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

மற்ற டெஸ்டுகளுக்குப் பரவாயில்லை. எந்தப் பெயரில் எடுத்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். இரண்டு எண்ணை ஒப்பிட்டால்தான் அர்த்தம் என்கிற டெஸ்டுக்குப் போய் இரண்டு பெயர் கொடுத்தால், எங்கள் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு பெண்கள். இரண்டு பேருக்குமே வாழ்த்துச் சொல்லலாம் போலத்தான் இருக்கும். கௌரி இதைப் பற்றி ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னாள்.

"பேர மாத்துனா கண்ணு ஏமாந்துரும்னு நெனைக்கிறாங்கக்கா. கண்ணு ஏமாறுதோ இல்லியோ, நாம ஏமாந்துர்றோம்."

அறந்தாங்கி லட்சுமி

நான் சொல்லியிருந்த அந்த நாளன்றைக்குக் காலையில் சரியான கூட்டம். முகூர்த்த நாள் முடிந்து பஸ்ஸெல்லாம் காலியானதும் வியாதிக்காரர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். கௌரி வெளியே பெயர் எழுதி ரத்தம் எடுத்தாள், நான் உள் அறையில் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வருகிற குப்பிகளில் பெயரைப் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க முடியாது. அதில் ஒன்று லட்சுமி, அறந்தாங்கி, பீட்டா எச்சிஜி. தொள்ளாயிரத்துச் சொச்சம் வந்தது. ஒற்றை எண்ணில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பினேன்.

சாப்பாட்டு நேரத்தில் கௌரி சிரித்துக்கொண்டே ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னாள். மருமகளோடு வந்தாராம். டாக்டர் சீட்டு வீட்டிலேயே இருக்கிறது, அதே பீட்டாதான் என்றாராம். ரிப்போர்ட்டை வாங்கியதும் இடுப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். முதல் டெஸ்டை வேறு எங்கோ எடுத்திருப்பார்கள் என்று கௌரி நினைத்துக்கொண்டாள். டாக்டரம்மா ஆபரேஷனில் இருக்கிறார், மத்தியானம் வருவார், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா காதில் வாங்கவே இல்லையாம்.

"அதான் ஏறிருச்சுல்லத்தா, அது போதும். டாக்டரம்மாவ வேற எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

எந்தப் பக்கத்து பஸ்?

மறுநாள் காலையில் டாக்டரம்மா போன் செய்தார். கீரனூர்ப் பெண் சுகன்யா இரண்டாவது டெஸ்டுக்கு வந்தாளா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் தேடினேன், வரவில்லை மேடம் என்றேன். அவர் குரலே மாறிவிட்டது. "அந்தப் பொண்ண எப்படியாவது வரச் சொல்லுங்க. எனக்கு அது சரியாப் படல" என்றார். அவர் அப்படிச் சாதாரணமாகச் சொல்கிறவர் இல்லை.

கௌரியிடம் கேட்டேன். சுகன்யா என்று யாரும் வரவே இல்லை என்று சாதித்தாள். நாலு வருஷம் காத்திருந்த பெண் எப்படி வராமல் இருப்பாள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று பீட்டா எடுத்தவர்கள் யார் யார், ஒவ்வொருவராகச் சொல் என்றேன். ஒருத்தி எங்கள் தெருப் பெண். இன்னொருத்தி கணவனோடு வந்த டீச்சர். மூன்றாவது அந்த அறந்தாங்கி லட்சுமி.

"அந்தப் புள்ள ஒரு மாதிரிக்கா" என்றாள் கௌரி. "லட்சுமி, லட்சுமின்னு தொண்ட கிழியக் கூப்பிடுறேன், எனக்கென்னன்னு உக்காந்திருக்கு. மாமியாக்காரி வெலாவுல இடிச்சுத்தான் எந்திரிச்சுச்சு." சொல்லிவிட்டு ரத்தக் குப்பிகளை அடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். அறந்தாங்கிக்குப் போகிறவர்கள் தென்கிழக்கே போக வேண்டும், கீரனூர் வடக்கே திருச்சி ரோட்டில். இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் அது தெரியும்.

"அக்கா, அறந்தாங்கின்னு சொல்லிட்டு, கீரனூர் பஸ்ஸ விட்டுருவோம்னுல்ல அந்தம்மா ஓடுச்சு?"

ராங் நம்பர்

இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எண்ணூற்றுச் சொச்சத்திலிருந்து தொள்ளாயிரத்துச் சொச்சம். இரண்டு நாளில் அவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது. மாமியார் கண்ணுக்கு ஏறியிருக்கிறது, டாக்டர் கண்ணுக்கு அது ஏற்றமே இல்லை. டாக்டரம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். உடனே வரச் சொல்லுங்கள், இன்றைக்கே என்றார்.

முதல் நாள் கொடுத்திருந்த மாரிக்கண்ணுவின் நம்பரைப் போட்டேன். சுகன்யா வீடுதானே என்றேன். "அப்படி யாரும் இங்க இல்லீங்களே, ராங் நம்பர்" என்று பதில் வந்தது. பின்னாலேயே ஒரு பெண் குரல், "யாருத்தை போன்ல?" என்றது. மூன்று நாளைக்கு முன்னால் கேட்ட குரல்தான். எனக்கு வந்த கோபத்தில் போனை உடைத்திருப்பேன், அது முதலாளியின் போன். மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை மாரிக்கண்ணு கொல்லைப்பக்கம் வந்துவிட்டார் போல, கோழிச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குப் பாம்புக் காது என்று கிசுகிசுத்தார்.

அந்தப் பெண்ணுக்கு வலி இருக்கிறதா என்று கேட்டேன். இடது பக்கம் சுருக் சுருக்கென்கிறதாம், சுடுதண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறாராம். அது ஏறினது போதாது, கரு இடம் மாறி இருக்கலாம், உள்ளே வெடித்தால் பிள்ளையும் இருக்காது மருமகளும் இருக்க மாட்டாள், கிளம்புங்கள் என்று கெஞ்சினேன். இருபது வருஷம் மூடி வைத்திருந்த வாய் அன்றைக்கு மொத்தமாகத் திறந்துகொண்டது. ஒன்றும் எடுபடவில்லை.

"ஆடாம அசையாம படுக்க வச்சிருக்கோம். இப்பப் போயி பஸ்ஸுல வச்சுக் குலுக்கணுங்கிறீங்களே, ஒங்களுக்கெல்லாம் புள்ள குட்டி இல்லையா?"

காரணம் சொல்ல முடியாத லீவு

அடுத்தது கணவன் கார்த்தி, அவன் நம்பர் எதிர் ஆஸ்பத்திரி ஃபைலில் இருந்தது. திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை, தினமும் கீரனூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவன். அந்தக் கம்பெனியில் உள்ளே போகும்போதே போனை வாங்கி வாசலில் பூட்டி வைத்துவிடுவார்களாம். உற்பத்தி பெருகுமாம். பெண்டாட்டிக்கு என்ன ஆனாலும் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் நட்டு போல்ட்டு நிற்காது. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ரத்தம் எடுக்கக் கை நீட்டியவர்களை எல்லாம் கௌரி பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் அவனே கூப்பிட்டான். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா நல்லா ஏறிருச்சுன்னாங்களே மேடம்?" என்றான். ஏறின வேகம் போதாது தம்பி என்றேன். எவ்வளவு நேரத்தில் வர வேண்டும் என்று மட்டும் கேட்டான். பிறகு கீரனூரில் தெரிந்த ஒருவரின் காரை வீட்டுக்கு அனுப்புவதாகவும், தான் நேராகப் புதுக்கோட்டைக்கு வந்துவிடுவதாகவும் சொன்னான். நான் பெருமூச்சு விட்டு போனை வைக்கப் போகும்போது, அவன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டான்.

"சூப்பர்வைசர்கிட்ட என்ன சொல்லி லீவு கேக்குறது மேடம்? யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

போடுங்க

ஸ்கேனில் இடது குழாயில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. கர்ப்பப்பை காலி. நல்லவேளையாகக் குழாய் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் ஆபரேஷன், அதுவும் நேரத்துக்கு வந்திருந்தால். இப்போது ஊசியிலேயே கரைத்துவிட முயற்சி செய்யலாம், குழாயும் தப்பும் என்றார் டாக்டரம்மா. ஊசி போடுவதற்கு முன்னால் ஈரலும் கிட்னியும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும். அதற்காக நானே ரோட்டைத் தாண்டிப் போனேன்.

மாரிக்கண்ணு சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். "நாலு வருசம் கழிச்சு வந்தத ஊசி போட்டுக் கரைக்கச் சொல்றீங்களே" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டார். அது அங்கே பிழைக்கவே பிழைக்காதும்மா, மருமகளைத்தான் காப்பாற்ற முடியும் என்று டாக்டரம்மா மறுபடி மறுபடி சொன்னார். கார்த்தி அம்மாவையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான். நான் இந்தப் பக்கத்தில் கிண்டல் செய்வதாக இல்லை. அந்த அறையில் எனக்கும் அழுகை வந்தது. சுகன்யாதான் கையை என் பக்கம் நீட்டிக்கொண்டே மாமியாரிடம் பேசினாள்.

"நான் இருந்தாத்தானத்தை இன்னொண்ணு வரும்? போடுங்க மேடம்."

சிரிப்பதா அழுவதா

ஊசி போட்டால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த ஹார்மோன் ஒன்றுமில்லாமல் இறங்குகிற வரைக்கும் ஆபத்து முழுசாகப் போகாது. திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஊரே ஏறணும் ஏறணும் என்று வேண்டுகிற எண், இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இறங்க வேண்டும்.

அதற்காக வந்த முதல் நாளிலேயே மாரிக்கண்ணு கவுண்டரில் குனிந்து, லட்சுமி என்றே போட்டுவிடுங்களேன் என்றார். கௌரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இவ்வளவு நடந்த பிறகுமா என்று கேட்டேன். உண்டானதையே யாருக்கும் சொல்லவில்லை, கலைந்ததை மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார். பக்கத்தில் சுகன்யா தரையைப் பார்த்தபடி நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் வீட்டில் படுத்து அழுதால் என்ன ஏது என்று கேட்க ஊரில் ஒரு நாதி இல்லை. அப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் தெரியாது. ஒப்பாரி வைக்க வேண்டிய வீட்டில் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

சொந்தப் பெயரிலேயே எடுத்தோம். எண் பாதிக்குமேல் குறைந்திருந்தது. நல்ல சேதிம்மா, இறங்கியிருக்கிறது என்று தாளைக் கொடுத்தேன். மாரிக்கண்ணு அதை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"ஏறுச்சு, நல்லதுன்னோம், கெட்டதுன்னீங்க. எறங்குது, நல்லதுங்கிறீங்க. நாங்க இப்பச் சிரிக்கணுமா அழுவணுமா, அதையும் இந்தத் தாள்லயே அடிச்சுக் குடுங்க."

பெஞ்சில் சின்ன மாமியார்

கடைசி டெஸ்டுக்கு சுகன்யா மட்டும் வந்தாள், பஸ்ஸில், தனியாக. வழக்கம்போல் கூட்டம். போர்டுக்குக் கீழே உள்ள பெஞ்சில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மாள் சுகன்யாவைக் கண்டதும் நிமிர்ந்தார். கண்ணில் அத்தனை கேள்வி. யாரோ சொந்தம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்த லேபில் ஒருவர் உடம்பை விசாரிக்க வந்து எல்லார் உடம்பையும் தெரிந்துகொண்டு போகிறவர்கள் உண்டு, எனக்கு அந்தப் பார்வை பழக்கம்.

கௌரியும் கவனித்துவிட்டாள். நல்ல மனசு அவளுக்கு. குரலைத் தாழ்த்தி, "என்ன பேர் போடட்டும்?" என்று கேட்டாள். லட்சுமியா, சரஸ்வதியா, எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்பதுபோல் பேனாவைத் தயாராக வைத்திருந்தாள். நானும் உள் அறை வாசலில் நின்று பார்த்தேன். சுகன்யா திரும்பி அந்த பெஞ்சை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவுண்டர் பக்கம் திரும்பினாள். அவள் குரல் ஹாலின் கடைசி நாற்காலி வரைக்கும் போனது.

"சுகன்யா. கீரனூர். கொழாய்ல தங்குன கரு கரைஞ்சிருச்சான்னு பாக்குற டெஸ்ட். ரிப்போர்ட் வந்ததும் சத்தமாவே கூப்பிடுங்கக்கா, எங்க சின்ன மாமியாரு அந்தா உக்காந்திருக்காங்க, அவுங்களுக்கும் கேக்கட்டும்."

அந்த அம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டதையும், இரண்டு பேரும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுததையும், மெஷின் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைத் துப்பியதையும் பார்த்துவிட்டு நான் ரிப்போர்ட்டோடு உள் அறை வாசலுக்கு வந்து நின்றேன். இந்தத் தொழிலில் வாயை மூடக் கற்றுக்கொண்டேனோ இல்லையோ, ஒரு பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிடவாவது கற்றுக்கொண்டேன்.